அரிசிமாவு தூவிய கேரம் போர்டு

கேரம் போர்டில் அரிசிமாவு தூவியவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் கையைத் தூக்குங்கள். மெதுவாகத் தூக்குங்கள். நம் வயதில் தோள்பட்டையை வெடுக்கென்று தூக்கினால் மீதி நாள் எப்படிப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். யாரும் தூக்கவில்லை அல்லவா? நினைத்தேன். இந்த ஊரில் அந்தக் காரியத்தைச் செய்த ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது. அதுவும் விஞ்ஞானம் படித்த பிறகு செய்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்த மழைக்காலம் அது. தாராவியில் எங்கள் வீடு ஓர் அறை. அதில் அப்பா, அம்மா, அத்தை, நான், ஒரு நீலத் தண்ணீர் டிரம். டிரம்மை ஆளோடு ஆளாகச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களில் யாரையும்விட அது அதிக இடம் பிடித்தது. அம்மா எங்களைவிட அதற்குத்தான் மரியாதை கொடுத்தாள். மழைக்காலத்தில் வெளியே முழங்காலளவு தண்ணீர் நிற்கும், குடிக்கிற தண்ணீர் மட்டும் அந்த டிரம்முக்குள் இருக்கும். அந்த டிரம்மின் தலையில்தான் எங்கள் கேரம் போர்டு உட்கார்ந்திருந்தது.

போர்டு வந்த கதை இது. அப்பா மாட்டுங்காவில் ஒரு கிளப்பில் வாட்ச்மேன். கிளப்பில் கழித்துப் போட்ட பழைய போர்டை ஒரு நாள் தலையில் வைத்து நடந்தே கொண்டுவந்துவிட்டார். ஒரு மூலையில் பாக்கெட் வலை கிடையாது. அப்பாவின் பழைய காலுறையை வெட்டி அங்கே ஆணி அடித்தோம். அந்த மூலையில் காய் விழுந்தால் எடுக்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்தவளை அப்பா கூட்டிவந்து ஒரு தோல்பைப் பட்டறையில் சேர்த்துவிட்டார். பைகளுக்குக் கொக்கி மாட்டுகிற வேலை. அவள் வீட்டுக்குள் வந்தால் தோல் வாசனையும் பசை வாசனையும் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். அந்த வருஷம் முதல் மழையிலேயே பட்டறைக்குள் தண்ணீர் புகுந்தது. முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டார். தண்ணீர் வடிந்த பிறகும் ஷட்டர் ஏறவில்லை.

ஒரே அறை, வேலையில்லாத இன்னொரு ஆள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மழை விட்டதும் அத்தையை ஊருக்கு ரயிலேற்றிவிடுவது, அங்கே பழையபடி பீடி சுற்றட்டும் என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் போர்டில் அத்தை அடித்த அடியில் ஒரு காய் எழும்பிப் பறந்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பில் விழுந்தது. அம்மா அதைக் கரண்டியால் எடுத்து, கழுவி, ஒரு வார்த்தை பேசாமல் போர்டின் நடுவில் வைத்தாள். அம்மா பேசாமல் இருந்தது அந்த வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு அப்பா கிளப்பிலிருந்து ஒரு சேதி கொண்டுவந்தார். செம்பூரில் ஒரு பெரிய அரசாங்கக் கம்பெனி, கேரம் ஆடத் தெரிந்த பெண்களை வேலைக்கு எடுக்கிறது. ஆட்டம் வைத்துப் பார்ப்பார்கள். ஜெயித்தால் மேசை, நாற்காலி, பென்ஷன்.

"நம்ம பிள்ளை அடிக்கிற அடிக்கு எவ எதுத்து நிப்பா?" என்றார் அப்பா.

"ஆட்டம் பாத்துருக்கியளா நீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"பத்து வருசமா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார் அப்பா.

அவர் சொன்னது முழு உண்மை. அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் நாற்காலி கிளப்பின் வாசலில். ஆட்டம் மாடியில், ஜன்னலுக்கு உள்ளே. படாரென்று சத்தம் வரும், உடனே நாலு பேர் ஆகா என்பார்கள். அந்த இரண்டையும் சேர்த்து வைத்து அப்பா ஒரு முடிவுக்கு வந்திருந்தார். சத்தம்தான் ஆட்டம்.

அன்றிலிருந்து பயிற்சி ஆரம்பமானது. அப்பாவுக்கு ராத்திரி டூட்டி. கிளம்புகிறவரை டிரம் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார்.

"ஏட்டி, ஓங்கி அடி. கிளப்புல அடிச்சா ரோட்டுக்குக் கேக்கும்."

"கேட்டாப் போதுமாண்ணே? காயி உள்ள விழாண்டாமா?"

"சத்தம் வந்துட்டா காயி தானா விழும்."

"போர்டத் தூக்குங்க" என்பாள் அம்மா. "உலைக்குத் தண்ணி மோக்கணும்."

"ஒரே ஒரு காயி மதினி."

"நேத்தும் ஒரே ஒரு காயிதான் சொன்ன. சோறு வெந்தப்ப மணி என்ன?"

போர்டைத் தூக்குவோம். காய்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து காலுறைக்குள் போய்ச் சேரும்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்தில் எங்கள் சயின்ஸ் சார் இயக்க ஆற்றல் என்ற பாடத்தை எடுத்தார். அவர்மேல் எனக்கு இன்றும் ஒரு சின்ன வருத்தம் உண்டு. பயந்த பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அதை இன்னும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம்.

"ஓடுற பொருள் எல்லாத்துக்குள்ளயும் ஆற்றல் இருக்கு" என்றார். "பொருளோட நிறை ரெண்டு மடங்கு ஆனா ஆற்றலும் ரெண்டு மடங்கு. ஆனா வேகம் ரெண்டு மடங்கு ஆனா, ஆற்றல் நாலு மடங்கு. வேகம் மூணு மடங்கு ஆனா ஒம்பது மடங்கு. அரை எம் வி ஸ்கொயர். எழுதிக்கோங்க."

மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் வியர்த்துக்கொண்டேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழி முழுக்க எம்மும் வியுமாக என்னைப் பார்த்து ஓடி வந்தன. தகடு ஏற்றிய கைவண்டி வந்தது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பஸ் வந்தது, ஒரு மளிகைக் கடைக்குள் ஏறி நின்றேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். பஸ் போகட்டும் என்றேன். வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா ஏதோ கோபத்தில் கரண்டியை விட்டெறிந்தாள். கரண்டியின் நிறை குறைவுதான். ஆனால் அம்மாவின் வேகம் இருக்கிறதே, அதை அதே அம்மாவின் வேகத்தால் பெருக்க வேண்டும். இதை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

"என்னல ஒளறுத?" என்றாள் அம்மா. "பள்ளிக்கூடத்துல வெயில்ல நிப்பாட்டுனாவளா?"

"மழை பெய்யுது மதினி" என்றாள் அத்தை.

என் உடம்பில் ஆற்றலைக் குறைப்பதற்காக ஒரு வாரம் ஊர்ந்து ஊர்ந்து பள்ளிக்கூடம் போனேன். தினமும் தாமதம். சார் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். நிற்கிறவனுக்கு வேகம் பூஜ்யம், ஆற்றலும் பூஜ்யம். அந்த வாரத்தில் நான் நிம்மதியாக இருந்த இடம் அந்த வராந்தாதான்.

மாவு விஷயத்துக்கு வருகிறேன். போர்டில் தூவுகிற போரிக் பவுடர் தீர்ந்துபோயிற்று. விடாத மழை, பவுடர் விற்கிற கடை இருக்கிற சந்து தண்ணீருக்குள். அம்மா இடியாப்பத்துக்கு வறுத்துச் சலித்து வைத்திருந்த மாவு டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திறந்து பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. விரலுக்கிடையில் வழுக்கியது. விஞ்ஞானம் இதற்குமேல் என்ன கேட்கும்?

முதல் ஆட்டம் பிரமாதமாகப் போனது. காய்கள் மீன் மாதிரி ஓடின. நான் உராய்வு விசை பற்றி அத்தைக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு அந்த அறையின் ஈரம் வேலையைத் தொடங்கியது. கொடியில் காயாமல் தொங்குகிற துணி, ஒழுகுகிற தகரக் கூரை, அடியில் டிரம் நிறையத் தண்ணீர். மாவு எல்லாவற்றையும் உறிஞ்சியது. இரண்டாவது ஆட்டத்தில் காய்கள் தயங்கின. மூன்றாவது ஆட்டத்தில் நின்ற இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. நான் பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தேன். அது போதாதென்று அம்மா துணி காய வைக்கிற மாதிரி போர்டை ஸ்டவ்வுக்கு மேல் பிடித்துச் சூடு காட்டினேன். வாசனை நன்றாக வந்தது.

அத்தை எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சட்னி அரைக்கவா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு எறும்பு வந்தது. அத்தை தேங்காய் நாரை வைத்து இரண்டு நாள் தேய்த்தாள். மாவு போயிற்று, கூடவே போர்டின் வழவழப்பும் போயிற்று. அந்தப் பலகையில் இனி எந்தப் பவுடரும் செல்லாது என்றாகிவிட்டது. காயை அடித்தால் ஒரு சாண் போகும். பிறகு, கல்யாணிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்தவன் வீட்டு வாசலில் உட்காருவானே, அப்படி உட்கார்ந்துகொள்ளும்.

எனக்கு அழுகை வந்தது. அத்தையின் வேலை என் மாவில் கரைந்துவிட்டது என்று நினைத்தேன். அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் போர்டைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார். "கடக்கரை மணல்ல ஓடிப் பழகுனவன தார் ரோட்டுல விட்டா எப்படி இருக்கும்? இதுல அடிச்சுப் பழகுட்டும். அங்கன போயி பறக்கவிடுவா."

நானும் நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆமாம், உராய்வு கூடக் கூட அதிக வேலை செய்ய வேண்டும், அதனால் அத்தைக்குப் பலம் கூடும் என்று சான்றிதழ் கொடுத்தேன். வாட்ச்மேனும் விஞ்ஞானியும் ஒத்துப்போய்விட்டார்கள். அத்தை என்ன செய்வாள், அடித்தாள். நாளுக்கு நாள் ஓங்கி அடித்தாள். நடுவிரல் நகம் கன்றி நாவற்பழ நிறத்துக்கு வந்தது. அம்மா திட்டிக்கொண்டே மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டாள். மறுநாள் அந்த மஞ்சள் ஸ்ட்ரைக்கரில் இருந்தது. ஆனாலும் காய் விழ ஆரம்பித்தது. அந்த மந்தமான போர்டிலும் அத்தையின் வலது கை காயை மூலைக்கு ஓட ஓட விரட்டியது. சந்தில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ரோட்டுக்குக் கேட்டதல்லவா.

அப்பா டூட்டிக்குக் கிளம்பிய பிறகு, சோறு வேகிற அந்தக் கொஞ்ச நேரம், அத்தை என்னோடு ஆடுவாள். அப்போது மட்டும் புடவைத் தலைப்பில் வலது கையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வாள்.

"மருமவனுக்கு எடது கை போதும்" என்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரை எம் வி ஸ்கொயர் தெரிந்தவனுக்கு இடது கையா? ஆனால் ஜெயிப்பது என்னவோ நான்தான். அவள் இடது கை மெதுவாகத் தள்ளும். பீடி சுற்றிய விரல்கள் அல்லவா, காய் நூல் பிடித்த மாதிரி நேர்க்கோட்டில் போகும். எங்கே போக வேண்டுமோ அதே கோட்டில் போகும். பாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் அதே ஒரு விரற்கடை. கோடு சரி, வேகம் போதாது. மூலைகளைச் சுற்றி அத்தையின் காய்கள் செத்துக் கிடக்க, நான் என் காய்களைத் தட்டிக் கொட்டி முடித்து, டிரம்மைச் சுற்றி ஆடுவேன்.

"தோத்துட்டனே" என்பாள் அத்தை, எதையோ வாங்கிக்கொண்ட மாதிரி சிரித்துக்கொண்டு. "இன்னொரு ஆட்டம் போடுவமா?"

ஆட்டத்துக்குப் போக வேண்டிய நாள் காலையிலும் மழை. கிங்ஸ் சர்க்கிள் ஸ்டேஷனுக்குப் போனால் பாலத்துக்கு அடியில் வழக்கம்போலக் குளம், ரயில் இல்லை. அப்பா பேன்ட்டை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஸ்ட்ரைக்கரைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். கொஞ்சதூரத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அத்தை அம்மாவின் பச்சைப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். சயானுக்கு நடந்து, பஸ் பிடித்து, செம்பூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்து உள்ளே போனபோது எல்லோரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் போர்டைப் பழகிக்கொள்ள இரண்டு அடி அடித்துப் பார்க்க விடுவார்களாம். அந்த நேரம் முடிந்துபோயிருந்தது.

நான் முதன்முதலாக நுழைந்த ஏசி அறை அது. வெளியே உலகம் ஊறிப்போய்க் கிடக்க, இங்கே அப்பளத்தை வைத்தால் ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருக்கும் போலிருந்தது. போர்டு கண்ணாடி மாதிரி. மேலே விளக்கின் முகம் அதில் தெரிந்தது. எதிரே ஒரு மராட்டிப் பெண், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பக்கத்துப் போர்டில் ஏற்கெனவே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. காய்களை யாரோ தொட்டுத் தூங்க வைக்கிற மாதிரி ஆடினார்கள்.

அப்பா என் காதில் சொன்னார், "சத்தமே வரல. இவளுவளுக்கு ஆடத் தெரியாது போல."

அத்தை முதல் அடி அடித்தாள்.

எங்கள் வீட்டு அடி அது. மழையையும் மாவையும் மூன்று மாத ஈரத்தையும் கிழித்துக்கொண்டு போவதற்காகப் பழக்கிய அடி. அங்கே கிழிப்பதற்கு ஒன்றும் இல்லை. காய்கள் தீபாவளி மாதிரி சிதறின. ஒன்று சட்டத்தைத் தாண்டி, தேர்வு செய்ய வந்திருந்த அதிகாரியின் டீ கோப்பைக்குள் விழுந்தது. ஸ்ட்ரைக்கர் நாலு பக்கமும் மோதிவிட்டு, நிதானமாகப் பாக்கெட்டுக்குள் இறங்கியது.

அறையிலிருந்த அத்தனை தலையும் திரும்பியது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாத்தியா" என்றார்.

ஆட்டம் போகப் போக அப்பாவின் முதுகு வளைந்தது. அத்தை குறி வைத்த காய் பாக்கெட்டின் வாயில் மோதி மோதித் திரும்பி வந்தது. அடக்கி அடிக்கப் பார்த்தாள். மூன்று மாதமாக ஓங்கப் பழகிய கைக்கு அடங்கத் தெரியவில்லை. எதிரே இருந்த பெண் சத்தமில்லாமல் தன் காய்களைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றில் இரண்டு கேம் ஜெயிக்க வேண்டும். முதல் கேம் போயிற்று.

எனக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் புரிந்தது. சார் சொன்னது, போர்டு சொன்னது, எல்லாம். ஓடுகிற காய்க்குள் இருக்கிற ஆற்றலைத் தரை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். தின்று முடித்த இடத்தில் காய் நிற்கும். எங்கள் வீட்டுத் தரை ராட்சசத் தீனி தின்றது. இந்தத் தரை நோயாளி மாதிரி கொறிக்கிறது, நாலில் ஒரு பங்குகூட இருக்காது. அப்படியானால் நாலில் ஒரு பங்கு ஆற்றல் போதும். வேகத்தை நாலில் ஒன்றாக்க வேண்டியதில்லை. பாதியாக்கினால் போதும், ஆற்றல் தானாகவே நாலில் ஒன்றாகிவிடும். பாதி, அத்தை, பாதி.

ஆனால் பேசக்கூடாது. நான் பெஞ்சிலிருந்து எழுந்து, இடது உள்ளங்கையை நீட்டி, வலது கையால் அதைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். அத்தை பார்த்தாள், புரியவில்லை. கழுத்தை வெட்டிக் காட்டினேன். ஆகாயத்தை வெட்டிக் காட்டினேன். நடுவர் எழுந்து வந்தார்.

"ஏ சோட்டு. பாஹர்."

"சார், ஹாஃப்…"

"பாஹர்."

வெளியே நின்றேன். எனக்குப் பழக்கப்பட்ட இடம்தான், ஆனால் அன்று பூஜ்யம் எனக்கு நிம்மதி தரவில்லை.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர், வெளியே மழைப் புழுக்கம். கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்துக்கொண்டே இருந்தது. நான் சட்டையால் துடைப்பதும், அது மறுபடி மூடிக்கொள்வதுமாக, ஊமைப் படம் மாதிரி பார்த்தேன். அத்தை தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதறினாள். பிறகு நடுவரிடம் ஏதோ கேட்டாள். நடுவர் தோளைக் குலுக்கி, எந்தக் கையானால் என்ன என்கிற மாதிரி தலையாட்டினார். அத்தை புடவைத் தலைப்பில் வலது கையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கை எனக்குத் தெரியும். அது அத்தை தோற்கிற கை.

விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். ஊருக்குப் போக மனதைத் தேற்றிக்கொண்டாள். அத்தை போனால் பரணில் அவள் பாய் இருக்கிற இடத்தில் உன் புத்தகத்தை அடுக்கிக்கோ என்று அம்மா சொல்லியிருந்தாள். நானும் நல்லது என்று நினைத்து அளந்துகூடப் பார்த்திருந்தேன். அந்த இடம் இப்போது எனக்கு வேண்டாம் என்று கண்ணாடியிடம் சொன்னேன். என் புத்தகங்களைத் தண்ணீரில் போடச் சொன்னாலும் போடுகிறேன் என்றேன். கண்ணாடி மறுபடி மூடிக்கொண்டது.

துடைத்தேன். இடது கை தள்ளியது. காய் நகர்ந்தது. அதே மெதுவான ஓட்டம், அதே நூல் பிடித்த கோடு. அது எங்கே நிற்கும் என்று உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் கிடையாது. பாக்கெட்டுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது. காய் அந்த இடத்துக்கு வந்தது.

நிற்கவில்லை.

ஒன்றுமே நடக்காத மாதிரி இன்னும் ஒரு விரற்கடை நடந்து, பாக்கெட்டுக்குள் இறங்கிப் போனது.

அடுத்த காயும் அப்படியே போனது. அதற்கடுத்ததும். அந்த மழைக்காலம் முழுக்க என் முன்னால் மூலைகளில் செத்துக் கிடந்த காய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டிரம்மைச் சுற்றி நான் ஆடிய ஆட்டமெல்லாம் அவற்றோடு உள்ளே போயிற்று. அப்படி ஒரு சந்தோஷத் தோல்வி எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

இரண்டாவது கேமும் மூன்றாவது கேமும் எப்படி முடிந்தன என்று வரிசையாகச் சொல்லலாம் என்றால், நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அழுகையும் மூச்சும் சேர்ந்து கண்ணாடியை மறைத்துவிட்டன. நடுவர் எழுந்து அத்தையின் கையைக் குலுக்கியதைப் பார்த்தேன். எந்தக் கையை நீட்டுவது என்று அத்தை ஒரு கணம் முழித்ததையும் பார்த்தேன்.

வெளியே வந்த அப்பா, பக்கத்தில் யாரோ செத்துப் பிழைத்த மாதிரி இருந்தார். "சத்தமே இல்லாம ஜெயிச்சிட்டாளேப்பா" என்று என்னிடம் சொன்னார். திரும்பி அந்த அறையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பத்து வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தவர், கேரம் ஆடுகிற அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. ரொம்ப நாள் அவர் சத்த விஞ்ஞானத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மேலே வந்து பாரும் என்று அவரை யாரும் கூப்பிட்டதில்லை என்பது இந்த வயதில்தான் உறைக்கிறது.

அத்தை என் தலையில் தட்டினாள். "எதுக்குல அப்படி வெட்டி வெட்டிக் காட்டுன?"

"பாதி வேகம் போதும்னு சொன்னேன் அத்தை."

"அய்ய. பசிக்கி, பாதி வடையாவது வாங்கித் தான்னு கேக்கன்னுலா நெனச்சேன்."

என் விஞ்ஞானம் அந்த ஆட்டத்துக்குச் செய்த உதவி அவ்வளவுதான்.

"பின்ன எதுக்குக் கைய மாத்துன?"

"வலது கைக்கு மெதுவா அடிக்க மறந்துபோச்சு. அது அண்ணன் பழக்குன கை" என்று அப்பாவுக்குக் கேட்காமல் சொன்னாள். "எடது கைய யாரும் பழக்கல. அது ஒங்கூட சும்மா வெளாண்டுக்கிட்டு கெடந்துச்சு."

வடை வாங்கித் தந்தாள். முழு வடை.

வேலை கிடைத்தது. மேசை, நாற்காலி, பிறகு கல்யாணம், செம்பூரிலேயே வீடு, பென்ஷன், எல்லாம் வந்தது. அந்தப் போர்டு கொஞ்ச நாள் டிரம்முக்கு மூடியாக இருந்தது. அப்புறம் டிரம்மும் போயிற்று, சந்தும் போயிற்று. அந்த அறை இருந்த உயரத்தில் இப்போது ஒரு கட்டடத்தின் பார்க்கிங் இருக்கிறது. காலுறைப் பாக்கெட்டின் வாசனை மட்டும் சில சமயம் லோக்கல் ரயிலில் வரும். நான் திரும்பிப் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் கோபித்துக்கொள்வார்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மழை. மாமா போன பிறகு அவள் தனியாக இருக்கிறாள். ஓய்வுபெற்றபோது ஆபீசில் கொடுத்த போர்டு, நல்ல ஸ்டாண்டில், ஜன்னலோரம். தலை முழுக்க வெள்ளை. உட்கார்ந்ததும் வலது கையைப் புடவைத் தலைப்பில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னுமா?" என்றேன். "எனக்கு சுகரே வந்தாச்சு அத்தை. ஒரு தடவையாவது வலது கையில ஆடேன். அன்னைக்கே கேக்கணும்னு நெனச்சேன். என்னைய அவ்வளவு மட்டமாவா நெனச்ச?"

அத்தை காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். "வலது கையில ஆடுனா சட்டுனு முடிஞ்சிரும்லா. முடிஞ்சா நீ புஸ்தகத்த எடுத்துட்டு ஒக்காந்துருவ. மதினி அடுப்பப் பாத்துத் திரும்பிக்கிடுவா. நான் என்ன செய்ய, கூரைய எண்ணிக்கிட்டுக் கெடக்கணும்."

மூன்று மாதம் ஒவ்வொரு மாலையும் அவள் இன்னொரு ஆட்டம் போடுவோமா என்று கேட்டதும், டிரம்மைச் சுற்றி நான் ஆடி முடிக்கும்வரை அவள் காத்திருந்ததும் வரிசையாக வந்து நின்றன.

ஆட்டம் நடந்தது. வழக்கம்போல நான் முன்னால். ஈரக் காற்றில் அவள் காய்கள் மூலைக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தன. எனக்கு ஒரே ஒரு காய் மிச்சம், அதுவும் பாக்கெட்டின் வாயில், ஊதினால் விழுகிற மாதிரி. ஸ்ட்ரைக்கரை வைத்தேன். குறி பார்த்தேன். வெளியே சாயங்காலம் ஆகியிருந்தது. நான் எழுந்தால் அவள் விளக்கைப் போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

நான் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இடது கைக்கு மாறினேன்.

நம் வயதில் இடது கை என்பது சட்டையில் ஒரு பக்கத்தை நிரப்புவதற்கு இருக்கிற பொருள். நான் தள்ளிய ஸ்ட்ரைக்கர் கோணிக்கொண்டு போய், என் காயைத் தொடாமல், அத்தையின் காய் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டு நின்றது.

அத்தை போர்டைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். ஸ்ட்ரைக்கரைத் தன் பக்கம் இழுத்து வைத்துவிட்டு எழுந்தாள்.

"காயத் தொடாத. டீ போட்டுட்டு வாரேன்" என்றாள்.